ஓடி முடிச்சப்புறம் சொல்லலாம்

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து திருச்சிக்குத் திரும்பிய தனலட்சுமி சேகர், தன் சகோதரி இறந்துபோன செய்தியை ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் கேட்டார். சுற்றிலும் ஆட்கள் நிற்க, முழங்காலிட்டுத் தரையில் விழுந்து அழுதார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சி அன்று முழுக்க ஓடியது. இறப்பு நடந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. மகளின் கவனம் சிதறிவிடக் கூடாது என்று அம்மா மறைத்திருந்தார்.

முசிறியில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தோம். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பெத்தவ வேற என்னடி செய்வா?" என்றாள். கேள்வி டிவியைப் பார்த்துக் கேட்கப்பட்டது. ஆனால் எனக்கானது. 1994இலிருந்து அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. கோடையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் காவிரி மணலில், எதிர்க்கரையில் தெரியும் குளித்தலையைப் பார்த்து வெறுங்காலோடு ஓடிப் பழகியவள். மணலில் ஓடிய காலுக்குத் தரை கிடைத்தால் பறக்கும் என்பார்கள். மாவட்ட அளவில் 400 மீட்டருக்குத் தேர்வானேன். போட்டி திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தில். முந்தின நாளே போய் ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி முசிறியில் என் அப்பாயி இறந்துபோனாள். கோரைப்பாய் நெய்தே எங்கள் வீட்டை ஓட்டியவள். நான் ஓடுவதை வீட்டில் முதலில் ஒத்துக்கொண்டவளும் அவள்தான். பக்கத்து வீட்டு போனுக்குச் செய்தி வந்தது. சித்திக்கு அப்போதே தெரியும். "புள்ள ஓடி முடிச்சப்புறம் சொல்லலாம்" என்று முடிவு செய்தது அம்மா.

காலையில் சித்தியின் கண் வீங்கியிருந்தது. வெங்காயம் உரித்தேன் என்றாள். நம்பினேன். ஓடினேன், இரண்டாவதாக வந்தேன். சான்றிதழும் ஒரு எவர்சில்வர் தட்டும் கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கடைசி வளைவில் ஒருத்தியைத் தாண்டிய கதையைச் சித்தியிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். குணசீலம் தாண்டியதும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வாசல் கழுவி ஈரமாக இருந்தது.

ஒரு சாவில் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பிணம் வீட்டில் கிடக்கும் வரைதான் நமக்கு வேலை. குளிப்பாட்டுவது, கோடித்துணி போடுவது, கட்டிக்கொண்டு அழுவது, ஒப்பாரி வைப்பது எல்லாமே பாடை தெருமுனை தாண்டுவதற்குள் முடிந்துவிடும். பேத்தி என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு சடங்கு இருந்தது, பேரன் பேத்திகள் பிடிக்கும் நெய்ப்பந்தம். ஊரில் இல்லாத பெரியப்பா மகன் மறுநாள் வந்தான். அவனுக்குப் பால் தெளிக்க இடமிருந்தது, கருமாதியில் உட்கார இடமிருந்தது, மொட்டை அடித்துக்கொள்ளத் தலை இருந்தது. தாமதமாக வந்த ஆணுக்குப் பதினாறு நாள் துக்கம் மிச்சமிருக்கிறது. தாமதமாக வந்த பெண்ணுக்குப் பாத்திரம் கழுவும் வேலைதான் மிச்சம். என்னிடமிருந்து மறைத்தது ஒரு நாள்தான் என்று அம்மா நினைத்திருப்பாள். எனக்கு இருந்ததே அந்த ஒரு நாள்தான்.

இதைப் பெரிய அநியாயம் என்று சொல்லவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. காரணம், அம்மாவின் பக்கம் நின்று பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது. மாவட்டத்தில் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சீட்டு, பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை. எங்கள் தெருவில் யாரும் அதுவரை போகாத வழி அது. அப்பாயி செத்தது செத்ததுதான், நான் ஓடாமல் வந்து நிற்பதால் எழுந்து உட்காரப்போவதில்லை.

தனலட்சுமி திருச்சியை அடுத்த குண்டூர்க்காரர். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். கூலி வேலை பார்த்து அம்மா வளர்த்தார். 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் 100 மீட்டரில் டூட்டி சந்தை முந்தித் தங்கம் வென்றார். அதே போட்டியில் 200 மீட்டரை 23.26 விநாடியில் ஓடி, 1998இலிருந்து பி.டி. உஷா பேரில் இருந்த போட்டிச் சாதனையை உடைத்தார். அப்படிப்பட்ட மகள் ஒலிம்பிக்குக்குப் போயிருக்கும்போது இன்னொரு மகள் சாகிறாள். அந்த அம்மா போனில் என்ன பேசியிருப்பார்? "சாப்பிட்டியா, நல்லா ஓடு, இங்க எல்லாரும் நல்லாருக்கோம்" என்று குரல் உடையாமல் சொல்லியிருக்க வேண்டும். விளையாட்டு உளவியல் புத்தகங்கள் பதற்றக் கட்டுப்பாடு, உணர்ச்சிக் கட்டுப்பாடு என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றன. அந்தக் கட்டுப்பாட்டை அன்று அதிகம் செய்துகாட்டியவர் மைதானத்துக்கே போகாத ஒரு பெண். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனாலும் கேள்வி போகவில்லை. ஒருவரின் கவனத்தைக் காப்பாற்ற அவரது துக்கத்தைத் தள்ளிப்போட இன்னொருவருக்கு உரிமை உண்டா?

பொய்யே கூடாது, கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் கூடாது என்று 1797இல் எழுதினார் காண்ட். அவர் எந்தக் காலத்திலும் ஒரு பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பியவராகத் தெரியவில்லை. நம் வீடுகளில் யாருக்கும் அவர் தேவையும் இல்லை, வள்ளுவரை அழைத்துக்கொள்வார்கள். குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கது என்ற குறளின் கருத்தைத் தமிழ் படிக்காதவர்கூடச் சொல்லிவிடுவார். அதில் ஒரு "என்றால்" இருப்பதை மட்டும் மறந்துவிடுவார். நன்மை வந்ததா என்பது பொய் சொல்லும்போது தெரியாது. பிறகுதான் தெரியும்.

தனலட்சுமி விஷயத்தில் பிறகு தெரிந்தது இது. டோக்கியோவுக்கு அவர் போனது 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்ட அணிக்காக. ஜூலை 30 அன்று அந்த ஓட்டம் நடந்தது. இந்தியாவுக்காக ஓடிய இரண்டு பெண்கள் மதுரை ரேவதி வீரமணியும் திருச்சி சுபா வெங்கடேசனும். தனலட்சுமி மாற்று வீராங்கனை. அவர் ஓடவே இல்லை. அணி இறுதிச் சுற்றுக்கும் போகவில்லை. எந்த ஓட்டத்துக்காக அந்தச் செய்தி மறைக்கப்பட்டதோ அந்த ஓட்டம் அவருக்கு நடக்கவில்லை.

இதோடு சீனத்து நீர்ப்பாய்ச்சல் வீராங்கனை வூ மின்ஷியாவை வைத்துப் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்ற பிறகுதான், தாத்தா பாட்டி இறந்து ஓராண்டுக்கு மேல் ஆனதையும் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததையும் வீட்டில் சொன்னார்கள். அங்கே பதக்கம் வந்தது, இங்கே வரவில்லை. விளைவை வைத்துத்தான் நியாயம் என்றால், இரண்டு அம்மாக்கள் சொன்ன ஒரே பொய் லண்டனில் சரியாகவும் டோக்கியோவில் தப்பாகவும் ஆகிவிடும். தத்துவவாதிகள் இதை ஒழுக்க அதிர்ஷ்டம் என்பார்கள். பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் இதைப் பற்றி விவாதித்தார்கள். பதக்கம் வந்ததா இல்லையா என்பது ஒரு அம்மாவின் நேர்மையைத் தீர்மானிக்கக் கூடாது என்றே எனக்குப் படுகிறது. சீனத்திலும் அன்று தங்கம் வந்த பிறகும் ஜனங்கள் திட்டத்தான் செய்தார்கள்.

செய்தி சொல்லப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? 1999 உலகக் கோப்பையின் நடுவில் அப்பா இறந்ததும் சச்சின் டெண்டுல்கர் மும்பைக்கு வந்தார், காரியம் முடித்துத் திரும்பிப் போய்க் கென்யாவுக்கு எதிராக 140 ரன் எடுத்தார். முகமது சிராஜ் 2020 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது ஆட்டோ ஓட்டி அவரை வளர்த்த அப்பா ஹைதராபாத்தில் இறந்தார். வீட்டுக்குப் போகிறாயா என்று வாரியம் கேட்டது. இருக்கிறேன் என்றார். இவை வீரக் கதைகளாகச் சொல்லப்படுகின்றன. வீரத்தை விட்டுவிடுவோம். இரண்டிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு: அவர்களிடம் சொல்லப்பட்டது, அவர்களிடம் கேட்கப்பட்டது.

பெண்ணுக்குத் தாங்காது என்பவர்களுக்காக இரண்டு பேர். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் தன் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அம்மாவை இழந்தார் கனடாவின் பனிச்சறுக்கு நடன வீராங்கனை ஜோனி ரோஷெட். அப்பா நேரில் வந்து சொன்னார். அவர் ஆடினார், வெண்கலம் வென்றார். 2019 ஜூனில் ஹிரோஷிமாவில் ஹாக்கி அரையிறுதிக்கு முன்பு மிசோரமின் லால்ரெம்சியாமிக்கு அப்பா இறந்த செய்தி வந்தது. பத்தொன்பது வயதுப் பெண். ஊர் திரும்பாமல் விளையாடுவது என்று அவரே முடிவெடுத்தார். இந்தியா இறுதிப் போட்டியில் ஜப்பானை வென்றது. அவர்கள் விளையாடியது சரியென்று பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. "நான் போகிறேன்" என்று கிளம்பியிருந்தாலும் சரிதான். ஆண்களிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை என்றும் சொல்ல வரவில்லை. ஆனால் நம் வீடுகளில் "உனக்கு எதுக்கு அந்தக் கவலை" என்ற வாக்கியம் அதிகம் கேட்பது யார் காதில் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவின் கடன், தனக்கே பார்க்கிற மாப்பிள்ளை, தன் உடம்பைப் பற்றி டாக்டர் சொன்னது என்று பெண்ணுக்கு எல்லாமே கடைசியில்தான் வரும். பாதுகாப்பு என்றுதான் அதற்குப் பெயர்.

இதில் பணமும் இருக்கிறது. சச்சினால் விமானத்தில் வந்துவிட்டுத் திரும்ப முடிந்தது. ஒரே ஒரு ஓட்டத்தில் மொத்தக் குடும்பத்தின் பிழைப்பும் தொங்கும்போது, போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்பதே ஆடம்பரமாகிவிடுகிறது. அம்மாக்கள் மறைப்பது இரக்கமில்லாமல் இல்லை, இரண்டாவது ஓட்டம் கிடைக்காது என்று தெரிந்திருப்பதால்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். 2022இல் தனலட்சுமி ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மூன்றாண்டுத் தடை பெற்றார். நான் கேட்கும் கேள்விக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. மறைப்பதைப் பற்றி எழுதும் கட்டுரையில் அதை நான் மறைப்பது நன்றாக இருக்காது.

இப்போது கவனம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. அம்மாவின் தரப்புக்கு இது பலம் சேர்க்கிற ஆய்வு. சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு, அதை நினைக்காமல் ஓடு என்றால் யாரால் முடியும்? சொல்லாவிட்டால் குரங்கும் இல்லை, கரடியும் இல்லை.

நானும் பல வருடம் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். ஆனால் 1995இல் எனக்கு நடந்தது வேறு. அடுத்த வருடம் போட்டிக்காக வெளியூர் போயிருந்தபோது எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். "எல்லாரும் நல்லாருக்கோம், நீ நல்லா ஓடு" என்றாள் அம்மா. உடனே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பாகிட்ட குடு என்றேன். தம்பிகிட்ட குடு. அம்மாயி எங்க, ஊர்லயிருந்து வந்துச்சா? மீட்டர் ஓடியது, கையிலிருந்த காசு தீர்ந்தது. எல்லோரும் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தார்கள். நான் தூங்கவில்லை. மறுநாள் கோட்டில் குனிந்து நிற்கும்போது, தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டவள் போல ஆசிரியை என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கடைசியாகக் கிளம்பியவள் நான். அதற்குப் பிறகு என் நேரம் குறையவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு ஓடுவதை விட்டேன்.

ஓடுகிறவள் மனதை வெறுமையாக்கிக்கொண்டு ஓடுவதில்லை. வீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடுகிறாள். ஏதாவது ஆனால் சொல்லிவிடுவார்கள், இன்னும் சொல்லவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கணக்கு உள்ளே அசையாமல் இருப்பதால்தான் அவளால் முன்னால் இருக்கும் நாற்பது அடியை மட்டும் பார்க்க முடிகிறது. 1994இல் அம்மா என் கவனத்தைக் காப்பாற்ற எடுத்துச் செலவு செய்தது அந்த நம்பிக்கையைத்தான். அன்றைக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஓட்டத்திலும் குரங்கு கூடவே ஓடியது. அது செத்துப்போனவர்கள் பற்றிய நினைப்பு இல்லை, யார் செத்திருப்பார்கள் என்ற நினைப்பு. முன்னதற்கு அழுது தீர்க்கலாம்.

பின்னோக்கியும் அது வேலை செய்தது. எவர்சில்வர் தட்டை நான் பரணில் போட்டுவிட்டேன். அப்பாயி வாசலில் கிடந்த நேரத்தில் நான் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறேன். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. ஆனால் அதை என்னால் திரும்பிப் பார்க்க முடிவதில்லை. துக்கத்தை எடுத்துக்கொண்டவர்கள் சந்தோஷத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இவ்வளவும் எழுதுகிற நான் உடற்கல்வி ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் ஒரு வருவாய் மாவட்டப் போட்டியில், நீளம் தாண்டுதலில் எங்கள் மாணவி ஒருத்திக்கு இன்னும் மூன்று தாண்டல் பாக்கி இருந்தது. என் கைப்பேசிக்கு அவளுடைய மாமா பேசினார். வாழைத்தார் ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்துவிட்டார் அவள் அப்பா, நினைவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போட்டது. அவள் தாண்டினாள். கடைசித் தாண்டல்தான் நன்றாக விழுந்தது. நாற்பது நிமிடம். பிறகு சொன்னேன். ஆட்டோவில் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கு எப்ப மிஸ் தெரியும்?"

"இப்பத்தாம்மா" என்றேன்.

அவள் அப்பா பிழைத்துக்கொண்டார். அதனால் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்துக்குள் அவர் போயிருந்தால் நான் யார்? செய்த காரியம் ஒன்றுதான், அதைச் செய்தவள் இரண்டு பேராகிவிடுகிறாள். அந்தப் பெண்ணிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் புத்தகம் அவள் கைக்குப் போகக்கூடும்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்ப உனக்குத் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்தது. அவள் செய்தது சரியென்று ஆகிவிடவில்லை. அது எவ்வளவு சுலபமாக நடந்துவிடுகிறது என்பது தெரிந்தது. இரண்டாவது பொய்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. முதலாவது அவளுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். "இப்பத்தாம்மா" என்றது முழுக்க முழுக்க எனக்காக.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்கிறேன். ஜூனில் பள்ளி திறந்து பயிற்சி ஆரம்பித்ததும், போட்டிக்கெல்லாம் ரொம்ப முன்னால், ஒவ்வொரு பெண்ணையும் தனியாக அழைத்துக் கேட்கிறேன். வெளியூரில் இருக்கும்போது வீட்டில் ஏதாவது ஆனால் உனக்கு எப்போது சொல்ல வேண்டும்? பதிலை ஒரு அட்டையில் எழுதிக்கொள்கிறேன். போட்டிக்கு முந்தின நாள் கேட்டால் நானே குரங்கைக் கொண்டுவந்து விட்டதாகிவிடும், அதனால் ஜூன். பெற்றோரிடமும் சொல்லிவிடுகிறேன். இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன், அவள் சொன்னபடிதான் செய்வேன் என்று. சில அம்மாக்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வாயில் நல்ல வார்த்தையே வராதா டீச்சர் என்று ஒருவர் கேட்டார்.

பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவாக இல்லை. கடையில் விலை சொல்வது போலச் சொல்கிறார்கள். "அம்மான்னா உடனே. மத்தவங்கன்னா ஓடிட்டு." "உடனே சொல்லுங்க, ஆனா நீங்க சொல்லுங்க, வேற யாரும் வேணாம்." "எங்கப்பாவுக்கு ஏதாச்சும்னா மெதுவாவே சொல்லுங்க மிஸ்." அந்தப் பெண்ணின் வீட்டுக் கதை எனக்குத் தெரியும், மேலே கேட்கவில்லை. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் அட்டையை மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் மாற்றியிருக்கிறார்கள்.

போன வருடம் கபடி ஆடும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பதிலைச் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். "மிஸ், எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கம்மாவுக்கு எப்ப சொல்லுவீங்க?"

"உடனே" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அம்மா பாய்த்தறிக்குப் போயிருக்கும் மிஸ். பாதியில வந்தா கூலி போயிடும். சாயங்காலமா சொல்லுங்க."

அட்டையின் பின்பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டேன். அவள் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.